ராணி முட்டை போடவில்லை

அத்தியாயம் பதினொன்று

பவளம் பெட்டியும் கையுமாக வாசலில் வந்து நின்ற இடத்தில் போன கிழமை விட்டோம். இப்போது உள்ளே வந்து, குசினிக் கதிரையில் வசதியாக இருந்து தேத்தண்ணீர் குடிக்கிறாள்.

புதிதாகப் படிக்க வருகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. இது மெல்பேணில் டண்டினொங் பக்கத்து வீடு. வருசம் எழுபத்தி நாலு, யூலை மாதக் குளிர். வீட்டுக்காரன் விக்னராஜா, லொறி பொருத்துகிற தொழிற்சாலையில் எஞ்சினியர். மனைவி சிவனேஸ்வரி, யாழ்ப்பாணத்தில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் விலங்கியல் படிப்பித்தவள். கலியாணமாகி ஒன்பது வருசமாகியும் பிள்ளை இல்லை. பவளம் விக்னராஜாவின் தமக்கை, சிட்னியில் லிட்கம்மில் இருக்கிறாள். அவளுடைய மகள் யோகாவுக்கு ஊரில் சம்பந்தம் சரிவந்திருக்கிறது. அந்த அலுவலாகப் போகிற பயணத்தில், நாட்டு வைத்தியம் செய்ய என்று சிவனேஸ்வரியையும் கூட்டிக்கொண்டு போகிறாள். புதன்கிழமை பிளேன். இன்று ஞாயிறு.

சிவனேஸ்வரி மேசையில் தன் பெட்டியைத் திறந்து வைத்துச் சேலைகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். கடைசியாகத் தன் நீலக் கம்பளிக் கோட்டை எடுத்தாள்.

“கோட்டை ஏன் வைக்கிறாய்?” என்றாள் பவளம்.

“சிங்கப்பூரில பிளேன் மாறேக்க உள்ளுக்குக் குளிருமாம், மச்சாள். திரும்பி வரேக்கயும் வேணுமெல்லே.”

பவளம் கோப்பையை வைத்தாள். “கோட்டை விட்டிட்டு வா. இஞ்ச வாறவளுக்கு உதவும்.”

சிவனேஸ்வரிக்கு விளங்கவில்லை. “ஆர் வாறது?”

“ஆரோ ஒருத்தி வரத்தானே வேணும். என்ர தம்பி கடைசி மட்டும் இப்பிடியே இருக்கேலுமே? உனக்குப் போறதுக்கு மட்டும்தான் டிக்கெட் போட்டிருக்கு. தம்பி சொல்லேல்லையோ?”

அவ்வளவுதான். ஒரு பெண்ணின் வாழ்க்கையை முடித்து வைக்கிற பேச்சுக்கு இவ்வளவு சொற்கள் போதும் போலிருக்கிறது. குரலை உயர்த்தவில்லை, முகத்தைச் சுளிக்கவில்லை. தேத்தண்ணீரில் சீனி குறைவு என்று சொல்லுகிற அதே குரலில் சொல்லிவிட்டாள் அந்த மகராசி.

அந்த நேரம் பார்த்து ஹோலில் கண்ணாடித் தொட்டிக்குள் இருந்த பல்லி குரைத்தது.

பவளத்தின் சுட்டுவிரல் உடனே மேசையில் தட்டியது. “பாத்தியே,” என்றாள். “பல்லியும் சொல்லுது.”

நம்முடைய ஆட்கள் எங்கே போனாலும் இந்தப் பழக்கம் கூடவே போகும். ஒருவர் ஒன்றைச் சொல்லும்போது பல்லி சொன்னால் அது உண்மை. உடனே விரலால் தட்ட வேண்டும். மெல்பேணுக்கு வந்த புதிதில் விக்னராஜாவுக்கு இருந்த பெரிய குறையே இந்த ஊர் வீட்டுச் சுவரில் பல்லி இல்லை என்பதுதான். கணக்கும் இயந்திரமும் படித்த மனிசன்தான். ஆனாலும் ஒரு நல்லது கெட்டதைப் பேசினால் கண் தானாகச் சுவரில் ஏறும்.

இரண்டு வருசத்துக்கு முன் கூட வேலை செய்கிற கெவின், மல்லி என்கிற வறண்ட பற்றைக்காட்டுப் பக்கம் முயல் சுடப் போய்விட்டு இரண்டு பல்லிகளைச் சப்பாத்துப் பெட்டியில் போட்டுக் கொண்டுவந்தான். சுவரில் ஏறாத, நிலத்தில் திரிகிற சாதி. மண்ணிற உடம்பில் மஞ்சள் பொட்டு, கரட் கிழங்கு போலத் தடித்த வால். கோபம் வந்தால் நாலு காலையும் ஊன்றி எழும்பி, வாயைத் திறந்து குட்டி நாய் மாதிரிக் குரைக்கும். அதைக் கேட்டதும் விக்னராஜாவுக்குத் தலைகால் தெரியவில்லை. மீன் தொட்டி ஒன்றை வாங்கி, மணல் போட்டு, மேலே பல்ப் கொழுவி, இரண்டையும் உள்ளே விட்டான். பெரியதுக்கு ராசன் என்றும் சின்னதுக்கு ராணி என்றும் பெயர் வைத்தான். சோடி முட்டை போட்டால் வீட்டிலும் தொட்டில் ஆடும் என்று எல்லோருக்கும் சொன்னான்.

அடுத்த நாளே சிவனேஸ்வரி இரண்டையும் கையில் எடுத்துப் பிரட்டிப் பார்த்தாள். வாலின் அடியில், கழிவுத் துவாரத்துக்குக் கீழே, இரண்டு பக்கமும் புடைப்பு. பக்கத்தில் சின்ன முள். சின்னதிலும் அப்படியே.

“இஞ்சருங்கோ, இது சோடி இல்லை. ரெண்டும் ஆண்,” என்று சொன்னாள். “ரெண்டு ஆணை ஒரு பெட்டியில வைச்சால் ஒண்டையொண்டு கடிச்சுக் கொல்லும். வேற வேற பெட்டியில, ஒண்டை ஒண்டு காணாமல் வைக்கவேணும்.”

விக்னராஜா சிரித்த சிரிப்பில் கையிலிருந்த பேப்பர் விழுந்தது. “நீ பல்லிக்கும் வேட்டியைத் தூக்கிப் பாத்தனியோ? பிள்ளை பெறத் தெரியாது, பல்லிக்குப் பேறு பாக்க வந்திட்டாய்.”

அந்தச் சொல்லுக்குப் பிறகு அவள் தானே அலுவலைப் பார்த்தாள். பக்கத்து வீட்டுக்காரி எறிய வைத்திருந்த பழைய கண்ணாடித் தொட்டியை வாங்கிக் கழுவி, மணல் பரப்பி, உடுப்புத் தோய்க்கிற அறையில் வைத்தாள். இரண்டு முறை ராணியைத் தூக்கி அதில் விட்டாள். இரண்டு முறையும் அவன் திருப்பிக் கொண்டுபோய்ப் போட்டான். பிரித்து வைத்தால் இரண்டும் பேசாமல் கிடந்தன. சேர்த்து வைத்தால்தான் குரைத்தன. குரைத்தால்தானே பல்லி சொன்னதாகும்.

இப்போது அவள் ஹோலுக்கு ஓடினாள். ராசன் பல்புக்குக் கீழே சூடான கல்லில் ஏறி நின்றது. ராணி குளிர்ந்த மூலையில், நீந்துகிற மாதிரி மணலில் காலை அடித்துக்கொண்டிருந்தது. அதன் வால் இல்லை. வால் தனியாக மணலில் துடித்துக்கொண்டு கிடந்தது.

“இது செத்துப்போகும்,” என்றாள். “நான் எடுக்கப்போறன்.”

விக்னராஜா குளித்துவிட்டுத் துவாயோடு வந்தான். “கையை வையாதை. சோடியைப் பிரிக்கிறதே உனக்கு வேலை.”

“இஞ்சருங்கோ, எனக்கு ஒரு வழி டிக்கெட்டோ போட்டனீங்கள்?”

அவன் தலையைத் துடைத்துக்கொண்டே இருந்தான். “அக்கா சொல்லிப்போட்டாவோ. நான் ஆறுதலாச் சொல்லுவம் எண்டிருந்தனான். மோகன் சாப்பிட வாறான், நண்டை ஐஸ்பெட்டிக்குள்ள இருந்து எடுத்து வெளியில வை.”

சிவனேஸ்வரி நண்டை எடுத்து வெளியில் வைத்தாள். வேறு என்ன செய்வாள், சொல்லுங்கள். ஊரில் தகப்பனும் இல்லை, தாயும் இல்லை. தங்கச்சியின் புருசன் வீட்டில் ஒரு மூலை கிடைக்கும். பிள்ளை பெறாததுக்குத் திருப்பி அனுப்பினவள் என்ற பெயரோடு அந்த மூலையில் கிழவியாக வேண்டும். நண்டின் கால்களை முறித்துப் போடும்போது அவளுக்கு அழுகை வரவில்லை.

டொக்டர் மோகனதாஸ் மத்தியானம் வந்தான். மலேசியாவில் ஈப்போக்காரன், படிக்க வந்து இங்கேயே ஒரு ஆஸ்பத்திரியில் டொக்டராகிவிட்டவன். கலியாணம் கட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் சிவனேஸ்வரியின் கையால் சாப்பிடுகிறவன். சோறு, நண்டுக்கறி, கத்தரிக்காய்க் குழம்பு, சொதி எல்லாம் மேசைக்கு வந்தன. வாலறுந்த ராணி இரண்டு தரம் குரைத்தது. கடிபட்டுத்தான் குரைக்கிறது என்று அந்த மேசையில் ஒருத்திக்கு மட்டும் தெரியும்.

“டொக்டர் தம்பி,” பவளம் தொடங்கினாள். “நீங்களும் இவளுக்கு எடுத்துச் சொல்லுங்கோ. எத்தினை சோதினை செய்தாச்சு. கர்ப்பக் குழாய்க்குள்ள காத்தடிச்சும் பாத்தாச்சு. இனி இவள் இஞ்ச இருந்து என்ன பிரயோசனம்?”

காற்றடித்த சோதனையைக் கேட்டதும் சிவனேஸ்வரியின் கை கரண்டியோடு நின்றது. மூன்று முறை செய்தார்கள். ஒவ்வொரு முறையும் தோள்மூட்டு வரை வலி ஏறி, வீட்டுக்கு வரும் பஸ்ஸில் நிமிர்ந்து இருக்க முடியாமல் வந்தாள். ஒரு நாளும் விக்னராஜா கூட வரவில்லை.

மோகனதாஸ் சோற்றைப் பிசைந்தான். “அதெல்லாம் நான் என்ன சொல்றதுங்க,” என்றான்.

“சொல்ல என்ன கிடக்கு? இந்த வீட்டு ராசி. அந்தப் பல்லியைப் பாருங்கோ, ராணி எண்டு பேர் வைச்சு ரெண்டு வருசம். ஒரு முட்டை போட்டுதோ? மலடி வளக்கிற பல்லியும் மலடு.”

ஹோலில் குரைப்பு. பவளத்தின் விரல் மேசையில் தட்டியது. விக்னராஜாவின் விரலும் தட்டியது. அதைத்தான் சிவனேஸ்வரியால் தாங்க முடியவில்லை. தமக்கை தட்டியதைக்கூட விடலாம், புருசனும் தட்டினான்.

அவள் எழுந்து போய்த் தொட்டியின் மூடியைத் திறந்து, ராணியைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தாள். சாப்பாட்டு மேசையில், நண்டுக்கறிச் சட்டிக்குப் பக்கத்தில், அதை உள்ளங்கையில் மல்லாக்காகப் பிரட்டிப் பிடித்தாள்.

“சீ,” என்றாள் பவளம். “சாப்பிடுற இடத்தில.”

“டொக்டர், இதை ஒருக்காப் பாருங்கோ. அறுந்த வாலுக்கு மேல, ரெண்டு பக்கமும்.”

மோகனதாஸ் குனிந்து பார்த்தான். பார்க்காமல் இருந்திருக்கலாம். ஆனால் படித்த படிப்பு அவனைப் பேச வைத்தது. “ஆமா, இது ஆம்பளைதாங்க. நல்லாத் தெரியுதே.”

“மற்றதும் ஆம்பிளைதான். வந்த அடுத்த நாளே சொன்னனான்.” சிவனேஸ்வரி புருசனைப் பார்த்தாள். “ரெண்டு வருசமா இதை மலடி, மலடி எண்டு சொன்னீங்கள். ஒருத்தரும் பிரட்டிப் பாக்கேல்லை.”

விக்னராஜா சிரிக்கப் பார்த்தான். “சரியப்பா, ஆண் எண்டால் ஆண். நீ வென்றிட்டாய். இரு, சாப்பிடு.”

“என்னைப் பிரட்டிப் பாத்தாச்சு. மூண்டு தரம். உங்களை ஆரும் பிரட்டிப் பாத்தவையோ?”

“வாயைப் பொத்து,” என்றாள் பவளம்.

சிவனேஸ்வரி அவளைக் கவனிக்கவில்லை. அவள் கண் மோகனதாஸில் நின்றது. அவன் கை சோற்றில் அப்படியே நின்றிருந்தது. தலை நிமிரவில்லை. காதுமடல் இரண்டும் சிவந்துகொண்டு வந்தன.

“டொக்டர்,” என்று மெல்லக் கேட்டாள். “இவர் உங்கட ஆஸ்பத்திரிக்கு வந்தவரோ?”

“அக்கா, அது வந்து...” அவன் விக்னராஜாவைப் பார்த்தான், பிறகு தட்டைப் பார்த்தான். “டாக்டருங்க அதெல்லாம் வெளியில சொல்லக்கூடாது.”

பாவம், நல்ல பிள்ளை. வாயை மூடி வைக்க நினைத்தே எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். வராத ஆளைப் பற்றி வெளியில் சொல்லக்கூடாதது என்ன இருக்கிறது?

“அப்ப குறை இவரில,” என்றாள் சிவனேஸ்வரி. “அது இவருக்கும் தெரியும்.”

அவள் கைக்குள் மல்லாந்து கிடந்த பல்லி வாயைத் திறந்து குரைத்தது.

பவளத்தின் விரல் மேசையில் தட்டியது. வயதுப் பழக்கம், தட்டிவிட்டது. தட்டிய பிறகுதான் எதற்குத் தட்டினோம் என்று அவளுக்கே உறைத்தது. விரலை வெடுக்கென்று மடியில் மறைத்துக்கொண்டு தம்பியைப் பார்த்தாள்.

“ஓம், தெரியும்,” என்றான் விக்னராஜா. “மூண்டு வருசமாத் தெரியும்.”

“தெரிஞ்சுகொண்டுதான் என்னைக் காத்தடிக்க அனுப்பினனீங்களோ?”

“வேண்டாம் எண்டு சொன்னால் ஏன் எண்டு கேட்டிருப்பாய்.” அவன் குரலில் வெட்கம் இல்லை, எரிச்சல்தான் இருந்தது. “டொக்டர்மார் ஆயிரம் சொல்லுவினம். அவையள் கடவுளே? இன்னொருத்தியோட எனக்குப் பிறக்காது எண்டு ஆர் கண்டது? பல்லி எனக்கு எத்தினை தரம் சொல்லியிருக்கு.”

ஆஸ்பத்திரி சொன்னதை நம்ப மனம் வராமல் மீன் தொட்டியை நம்பியிருக்கிறான் மனிசன். இரண்டு மிருகம் உயிருக்குக் கடிபட்டுக் கத்தின கத்தல் அவனுக்கு வாக்காகக் கேட்டிருக்கிறது.

அவன் எழுந்து, அவள் கையிலிருந்த பல்லியைப் பறித்தான். ஹோலுக்குப் போய், ராசன் நின்ற கல்லின் மேலேயே அதைப் போட்டான். மூடியை மூடி, அதன்மேல் ஒரு செங்கல்லையும் வைத்தான்.

“கிடக்கட்டும் அங்க,” என்றான்.

மோகனதாஸ் கையைக் கழுவிக்கொண்டு, “போயிட்டு வர்றேன் அக்கா,” என்று சொல்லிவிட்டுப் போனான். நண்டு பாதியில் கிடந்தது. வெளியில் அவனுடைய கார் போகிற சத்தம் கேட்டது.

முதலில் சிவனேஸ்வரிதான் பேசினாள். “சரி மச்சாள், புதன்கிழமை நான் வாறன். கோட்டையும் விட்டிட்டு வாறன். ஊரில வந்து இறங்கினவுடன வீட்டுக்கு வீடு போய்ச் சொல்லுவன். யோகாவுக்குப் பேசின மாப்பிள்ளை வீட்டைதான் முதல் போவன். மாமனில இந்தக் குறை இருக்கெண்டால், பிள்ளையின்ர வயித்தைப் பற்றியும் யோசிப்பினமெல்லே.”

யோகா நல்ல பிள்ளை. சித்திரைக்குச் சித்திரை மாமிக்குத் தன் கையால் பின்னின கம்பளித் தொப்பி அனுப்புகிற பிள்ளை. அது சிவனேஸ்வரிக்கு மறக்கவில்லை. தெரிந்துகொண்டுதான் சொன்னாள். அவளுக்கு இரக்கம் காட்டியது யார், அவள் இரக்கம் காட்ட?

பவளத்தின் முகம் வெளிறிப்போனது. ஆனாலும் பவளம் பவளம்தான். எழுந்து வந்து, சுவரோரம் வைத்திருந்த சிவனேஸ்வரியின் பெட்டியைத் திறந்து, மடித்த சேலைகளை ஒவ்வொன்றாக வெளியில் எடுத்து வைக்கத் தொடங்கினாள்.

“தம்பி, இவள் வரத் தேவையில்லை. இஞ்சயே இருக்கட்டும்,” என்றாள். “ஊருக்குக் கடுதாசி எழுதவும் விடாதை. ஆரும் கேட்டால் சுகமில்லை எண்டு சொல்லு. கொஞ்சம் தலைக்குச் சுகமில்லை எண்டு.”

“ஓமக்கா,” என்றான் விக்னராஜா.

காலையில் யாராவது இங்கேயே இரு என்று சொல்லியிருந்தால் சிவனேஸ்வரி அவர்கள் காலில் விழுந்திருப்பாள். இப்போது அந்த வார்த்தை கிடைத்துவிட்டது. மேலே ஒரு செங்கல்லும் வைத்துக் கொடுத்திருக்கிறார்கள்.

ஹோலில் குரைப்பு நின்றிருந்தது. அவள் போய்ச் செங்கல்லை எடுத்து வைத்துவிட்டு மூடியைத் திறந்தாள். ராசன் கல்லில் கண்ணை நக்கிக்கொண்டு நின்றது. ராணி என்று இரண்டு வருசம் பெண் பெயரில் வாழ்ந்த அந்தச் சீவன் கழுத்துக் கிழிந்து மணலில் கிடந்தது. அவள் கையில் எடுத்தபோது ஒரு கால் ஒருமுறை இழுத்தது. பிறகு இல்லை.

உடுப்புத் தோய்க்கிற அறையில் அதற்கென்று கழுவி வைத்த தொட்டி இருக்கிறது, மணலும் பரப்பி. அது நினைவுக்கு வந்தபோதுதான் அவளுக்கு அழுகை வந்தது. ஒன்பது வருசத்துக்கும் சேர்த்து வந்த அழுகையை இரண்டு மூச்சில் விழுங்கினாள்.

விக்னராஜா மறுபடி சாப்பிட உட்கார்ந்திருந்தான். அவள் பல்லியைக் கொண்டுவந்து, அவனுடைய தட்டில், சோற்றின் மேல், மல்லாக்காக வைத்தாள்.

“வடிவாப் பாத்துக்கொள்ளுங்கோ,” என்றாள். “ஆம்பிளை.”

அவன் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பிக் குசினியில் கோப்பை கழுவுகிற தொட்டிக்கு ஓடினான். ஓங்காளிக்கிற சத்தம் கேட்டது. பவளம் கையில் பிடித்த சேலையோடு நின்றாள். சிவனேஸ்வரி கோட்டை எடுத்துப் போட்டுப் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் பூட்டினாள். அலமாரித் தட்டில் தேயிலைப் பேணிக்குப் பின்னால் இருந்த பாஸ்போட்டையும் டிக்கெட்டையும் எடுத்துக் கோட்டுப் பைக்குள் வைத்தாள். பெட்டியைத் தொடவில்லை. வாசல் கதவைத் திறந்ததும் குளிர்காற்று முகத்தில் அடித்தது.

“அக்கா, அவளைப் பிடியுங்கோ,” என்று குசினிக்குள் இருந்து விக்னராஜா சொன்னான்.

“விடு தம்பி,” என்றாள் பவளம், சிவனேஸ்வரியின் காதில் விழட்டும் என்றே. “எங்க போவாள்? இந்த ஊரில இவளுக்கு ஆரைத் தெரியும்? பொழுதுபட முன்னம் குளிருக்குத் தானா வருவாள்.”

சொல்லிவிட்டுப் பவளம் சுட்டுவிரலை மேசைக்கு மேலே தூக்கி வைத்துக்கொண்டு நின்றாள். சிவனேஸ்வரியும் கதவுப் பிடியில் கையோடு, பழக்கதோசத்தில், ஒரு கணம் காது கொடுத்து நின்றாள்.

பல்லி சொல்லவில்லை. தனியாக நிற்கிற ராசனுக்கு இனிக் குரைக்க ஆளில்லை.

சிவனேஸ்வரி திரும்பிப் பார்த்தாள். “டிக்கெட் என்னட்டைத்தான் இருக்கு, மச்சாள். புதன்கிழமை பிளேனில உங்களுக்குப் பக்கத்துச் சீற்றிலதான் இருப்பன். ஊர் போய்ச் சேரும் மட்டும் கதைச்சுக்கொண்டு போவம்.”

கதவை வெளியில் நின்று அவளே சாத்தினாள்.